காட்டின் கொடுக்கல் வாங்கல்

பள்ளிக்கூடங்களில் காட்டைப் பற்றிக் கற்பிக்கப்படும் முதற் பாடம் பிராணவாயுவைப் பற்றியதாகவே இருக்கிறது. மரங்கள் கரியமில வாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகின்றன. ஆகையால் காடு இல்லையேல் மூச்சு இல்லை என்று ஆசிரியர் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்கின்றனர். வன மகோத்சவ விழாக்களில் நடப்படும் கன்றுகளுக்கு அருகே நாட்டப்படும் பலகைகளிலும் இச்செய்தியே பற்பல சொற்களில் தீட்டப்பட்டிருக்கக் காணலாம். இது பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. மறுபாதியைச் சொல்லாது விடுவதனால் வகுப்பறையில் நேரும் பிழை சிறிது. அப்பிழையை மனத்திற் கொண்டு வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் காட்டைப் பற்றி முடிவு செய்யும்போது நேரும் இழப்பு பெரிது.

1771-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர், மெழுகுவத்தி எரிந்து அணைந்துபோன காற்றினுள் புதினாக் கொத்தொன்றைச் சில நாட்கள் வைத்திருந்து, அக்காற்று மறுபடியும் மெழுகுவத்தியை எரியச் செய்யும் தகுதி பெற்றதைக் கண்டார். இக்கதையைச் சொல்லாத விஞ்ஞான ஆசிரியர் இல்லை. எட்டாண்டுகள் கழித்து, 1779-இல், யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் கண்டறிந்ததோ அதனினும் முக்கியமானது. தாவரம் காற்றைச் சீர்ப்படுத்துவது சூரிய ஒளியில் மட்டுமே; அதுவும் பச்சையான பாகங்கள் மட்டுமே அவ்வேலையைச் செய்கின்றன; இருளில் தாவரமும் பிராணிகளைப் போலவே சுவாசித்துக் காற்றைக் கெடுக்கிறது என்று அவர் காட்டினார். முதற் கதை பலகைக்கு ஏறியது. இரண்டாவது கதை பாடநூலின் மூலையிலேயே தங்கிவிட்டது.

முதிர்ந்த காடொன்றின் வரவு செலவைச் சற்றே நோக்கினால் உண்மை விளங்கும். பகல் முழுதும் இலைகள் ஆக்கிய உணவில் ஏறக்குறையப் பாதியை மரங்களே தம் சுவாசத்தில் செலவிட்டுவிடுகின்றன. எஞ்சியது இலையாகவும் கிளையாகவும் வேராகவும் உருப்பெற்று, காலப்போக்கில் உதிர்ந்தும் முறிந்தும் மண்ணிற் சேர்கிறது. அங்கே காளான்களும் கறையான்களும் கண்ணுக்குத் தெரியா நுண்ணுயிர்களும் அதனை மக்கச் செய்யுங்கால், அதற்கு வேண்டிய பிராணவாயுவைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆண்டின் இறுதியில் பிராணவாயுக் கணக்கில் மிஞ்சும் கையிருப்பு மிகச் சொற்பம். வளிமண்டலத்தில் 21 விழுக்காடாக நிறைந்திருக்கும் பிராணவாயு இன்றைய காடுகளின் கொடையன்று. பல கோடி ஆண்டுகளாக, மக்குவதற்கு வாய்ப்பின்றிக் கடலடிச் சேற்றில் புதையுண்டுபோன உயிர்ப்பொருள்களின் பயனாகச் சேர்ந்த முதல் அது. இன்றுள்ள நிலத் தாவரங்கள் அனைத்தும் ஒருங்கே எரிந்து சாம்பலானாலும் அம்முதலில் ஆயிரத்தில் ஒரு பங்களவே குறையும். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமேசான் காடுகள் எரிந்தபோது, உலகின் பிராணவாயுவில் 20 விழுக்காட்டை அக்காடே தருகிறது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அக்காடு எரிவது பெருங்கேடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கேட்டுக்குக் காட்டப்பட்ட காரணம் தவறானது.

இரவில் புளியமரத்தடியில் படுக்கலாகாது என்று கிராமங்களில் சொல்வதுண்டு. பேய் என்று பாட்டி சொன்ன காரணத்தை மறுத்து, கரியமில வாயு என்று விஞ்ஞானக் காரணம் காட்டும் ஆசிரியர் பலர். திறந்த வெளியில், காற்றோட்டத்தினிடையே, மரம் விடும் அவ்வாயு உடனுக்குடன் கலந்து போய்விடும். அருகில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனிதரும் நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ கரியமில வாயுவை வெளியிடுபவரே. அவரைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. பேயின் இடத்தில் வாயுவை அமர்த்தியதனால் மட்டும் பாடம் விஞ்ஞானமாகிவிடாது.

அங்ஙனமாயின், காடு காற்றோடு நடத்தும் கொடுக்கல் வாங்கல்தான் யாது? இலையின் அடிப்புறத்தில் உள்ள நுண்ணிய துளைகளே அந்த வியாபாரத்தின் வாயில்கள். அவ்வாயில் திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே நுழைய முடியும். திறந்தவுடனே ஈரமான உட்புறத்திலிருந்து நீராவி வெளியேறத் தொடங்குகிறது. ஒரு மூலக்கூறு கரியமில வாயுவைப் பெறுவதற்குச் சில நூறு மூலக்கூறு நீரைத் தாவரம் விலையாகக் கொடுக்கிறது. அந்நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கிறது. வாயு, நீர், வெப்பம் ஆகியவை தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படினும், காட்டில் அவை ஒரே துளையின் வழியே, ஒரே வேளையில் நிகழும் ஒரே காரியமாம். இதைக் கண்டுகொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

முதலில் கரியமில வாயுவின் கணக்கு. ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலைமீது 1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க ரசாயன அறிஞர் காற்றிலுள்ள கரியமில வாயுவை இடைவிடாது அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு, 2024-இல் 424 பங்கைத் தாண்டிவிட்டது. அவர் வரைந்த கோடு ஆண்டுதோறும் மேலேறிச் செல்வதை யாவரும் அறிவர். அக்கோடு நேராக ஏறாமல், ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கிச் செல்வதைக் கவனித்தவர் சிலரே. மே மாதம் உச்சியை எட்டி, பின்னர் நான்கைந்து மாதங்களில் ஏறக்குறைய 6 பங்கு இறங்குகிறது. குளிர்காலத்தில் மீண்டும் ஏறுகிறது. வடகோளத்தின் காடுகளும் புல்வெளிகளும் பயிர்களும் வேனிலில் தழைத்து வாயுவை ஈர்ப்பதும், பின் இலை உதிர்த்து அதைத் திருப்பித் தருவதுமே இதற்குக் காரணம். பசிபிக் கடலின் நடுவே, ஒரு மலைச்சரிவில் வைத்த கருவியில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள காடுகளின் மூச்சு பதிவாகிறது. கரும்பலகையில் வரைந்து காட்டத்தக்க படங்களுள் இதனினும் சிறந்தது வேறொன்று இருக்க முடியுமா என்பது ஐயமே.

நிலக்கரியும் எண்ணெயும் எரித்தும் காடுகளை அழித்தும் மனிதர் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை உலகின் நிலத் தாவரங்களும் மண்ணும் ஏற்றுக்கொள்கின்றன. இது பெரும் உதவி. ஆயின் இவ்வுதவி எவ்வாறு கிடைக்கிறது என்பதை அறிந்தால் மனம் நிம்மதி கொள்ளாது. நிலத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் ஆண்டொன்றுக்கு 12,000 கோடி டன்னுக்குக் குறையாத கரியை உள்வாங்குகின்றன. சுவாசத்தினாலும் மக்குவதாலும் தீயினாலும் அதில் பெரும்பகுதியைத் திருப்பி விடுகின்றன. மனிதருக்குக் கிடைக்கும் உதவி, இவ்விரு பெருந்தொகைகளுக்கும் இடையே நிற்கும் 300 கோடி டன் அளவான சிறு வித்தியாசமே. கோடி ரூபாய் வரவும் ஏறக்குறைய அதே செலவும் உள்ள கடையில், சில லட்சம் ஆதாயம் நிற்பதைப் போன்றது இது. வரவு சிறிது தளர்ந்து செலவு சிறிது மிகுந்தால் ஆதாயம் மறைந்துவிடும். வறட்சி வந்தால் துளைகள் மூடிக்கொள்கின்றன, வரவு குறைகிறது. மண்ணில் ஈரம் இருந்து வெப்பம் மட்டும் ஏறினால் மக்கும் வேகம் கூடுகிறது, செலவு பெருகுகிறது. காடு என்றும் ஒரே அளவில் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் பாத்திரம் என்று எண்ணிக் கணக்கெழுதுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

இனி வெப்பத்தின் கணக்கு. இதுவே பெரிது, இதுவே பள்ளியில் சொல்லப்படாததும் ஆகும்.

இந்தியச் சமவெளியில் வானம் தெளிந்த நாளொன்றில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது விழும் சூரிய சக்தி சுமார் 5 முதல் 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு ஹெக்டேருக்கு 50,000 முதல் 60,000 யூனிட். அதில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். மரத்தின் பருமனும் உயரமும், வனத்திலுள்ள உயிர்கள் அனைத்தின் ஆகாரமும் அந்த ஒரு பங்கிலிருந்து வந்தவை. மற்றப் பங்குகள் எங்கே போயின? சிறு பகுதி விதானத்தில் பட்டு ஒளியாகவே திரும்புகிறது. ஒரு பகுதி வெப்பக் கதிராக வானுக்குச் செல்கிறது. எஞ்சியதற்கு இரண்டே வழிகள் உண்டு. காற்றைச் சூடாக்கலாம், அல்லது நீரை ஆவியாக்கலாம்.

ஒரு லிட்டர் நீரை ஆவியாக்குவதற்குச் சுமார் 24.5 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். நீர் வளம் உள்ள காடொன்று ஒரு நாளில் 4 மில்லிமீட்டர் அளவு நீரை ஆவியாக விடுவதாகக் கொண்டால், ஹெக்டேருக்கு அது 40,000 லிட்டர் ஆகிறது. அதனுடன் செல்லும் வெப்பம் 27,000 யூனிட்டுக்கு மேல். அதாவது அன்று விழுந்த சூரிய சக்தியில் ஏறத்தாழப் பாதி. அவ்வளவு வெப்பமும் அவ்விடத்தில் உஷ்ணமாக உணரப்படாமல், நீராவியினுள் உள்ளுறை வெப்பமாக மறைந்து மேலே செல்கிறது; பின்னர் எங்கோ உயரத்தில் ஆவி குளிர்ந்து மேகமாகும்போது வெளிப்படுகிறது. மரத்தடியின் குளிர்ச்சியை நிழலின் பயன் என்று மட்டும் சொல்வது போதாது. தகரக் கொட்டகையும் நிழல் தருகிறது. அதன் கீழ் நண்பகலில் நிற்பவர் வேறுபாட்டை உடனே உணர்வர்.

காற்றைச் சூடாக்கும் வெப்பத்துக்கும் நீரை ஆவியாக்கும் வெப்பத்துக்கும் உள்ள விகிதத்தை, 1926-இல் அதனை ஆராய்ந்த அமெரிக்க பௌதிக அறிஞர் போவென் என்பவரின் பெயரால் போவென் விகிதம் என்பர். ஈரமான காட்டில் அது ஒன்றுக்கு மிகவும் குறைவு. வறண்ட தரையில் ஒன்றைவிடப் பன்மடங்கு. ஒரு காட்டின் நிலையை ஒரே எண்ணால் சொல்ல வேண்டுமென்றால், மரங்களின் எண்ணிக்கையைவிட இவ்விகிதமே பலவற்றைச் சொல்லும். காட்டின் மேற்பரப்பு மேடு பள்ளமாக இருப்பதும் ஒரு நன்மை. காற்று அதன்மீது வழுக்கிச் செல்லாமல் மோதிச் சுழல்கிறது. அச்சுழல்கள் வெப்பத்தையும் ஆவியையும் விரைந்து மேலேற்றிவிடுகின்றன. ஆனால் எல்லா நாட்டிலும் காடு குளிர்ச்சியே தரும் என்பதற்கில்லை. வடதுருவத்தை அடுத்த நாடுகளில் புதிய பனி சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்ப, அதன்மீது நிழல் கவிக்கும் கரும்பச்சையான ஊசியிலைக் காடு அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே மரம் நடுவது நிலத்தைச் சூடாக்கவும் கூடும்.

இந்தியக் காடுகளில் இக்கணக்கு மாதத்துக்கு மாதம் மாறுவது. டேராடூன் பள்ளத்தாக்கின் சால் மரம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பழைய இலைகளை உதிர்த்து, முற்றும் மொட்டையாகாமலே புதுத் தளிர் விடுகிறது. கோடையின் கொடுமை தொடங்குமுன், மழைக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே, அம்மரம் ஆழத்து நீரை நம்பிப் புது இலைகளோடு நிற்கிறது. மத்திய இந்தியாவின் தேக்கோ அதற்கு நேர்மாறாகக் கோடையில் இலையின்றி நின்று, மழையை ஒட்டியே தழைக்கிறது. ஒரே மே மாதத்தில், ஒரே வெயிலின் கீழ், ஒரு காடு வெப்பத்தை ஆவியாக மாற்றிக்கொண்டிருக்க, மற்றொன்று காற்றைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது. வன இலாகா ஊழியர் ஒவ்வொருவருக்கும் இலை விடும் காலம் தெரியும். அந்த அறிவு வளிமண்டல ஆராய்ச்சிக்கு எத்துணை மதிப்புள்ளது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

இக்கொடுக்கல் வாங்கலை அளக்க முடியுமா என்று கேட்கலாம். 1951-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்வின்பாங்க் என்னும் ஆராய்ச்சியாளர் வழி காட்டினார். நிலத்தின்மீது செல்லும் காற்று எண்ணற்ற சிறு சுழல்களாகச் செல்கிறது. மேலே எழும் சுழலில் எவ்வளவு நீராவியும் வெப்பமும் உள்ளன, கீழே இறங்கும் சுழலில் எவ்வளவு உள்ளன என்று இடைவிடாது பார்த்து வந்தால், நிகரமாக ஏறியது எவ்வளவு என்று கணக்கிடலாம். அக்காலத்துக் கருவிகள் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. இப்போது ஒலியலைகளால் காற்றின் வேகத்தையும், அகச்சிவப்புக் கதிரால் கரியமில வாயுவையும் நீராவியையும் ஒரு விநாடியில் பத்து அல்லது இருபது முறை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. காட்டின் விதானத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரத்தில் அவற்றைப் பொருத்துகின்றனர். டேராடூனை அடுத்த பார்க்கோட்டின் சால் காட்டிலும், மத்தியப் பிரதேசத்துப் பேத்தூலின் தேக்குக் காட்டிலும், அஸ்ஸாமில் காசிரங்காவிலும், சுந்தரவனத்தின் சதுப்புநிலக் காட்டிலும், தமிழ்நாட்டில் பிச்சாவரத்திலும் இத்தகைய கோபுரங்கள் நிறுவப்பட்டன.

அவை தந்த செய்திகளுள் ஒன்றை மட்டும் இங்கே கூறலாம். மழை மிகுந்தால் காடு மிகுதியாக வாயுவை ஈர்க்கும் என்று எண்ணுவது இயல்பு. காசிரங்காவில் கண்டது வேறு. மழைக்காலத்துக்கு முந்திய மாதங்களில், புதிய இலைகளும் நல்ல வெயிலும் ஒருங்கே இருக்கும்போதுதான் ஈர்ப்பு மிகுந்திருந்தது; மழைக்காலத்தில் மேகம் ஒளியை மறைத்ததால் அது தளர்ந்தது. நீர் போதுமான இடத்தில் ஒளியே தட்டுப்பாடான பண்டம் ஆகிவிடுகிறது. ராஜஸ்தானத்து முள்மரத்துக்கும் காசிரங்காவின் பசுங்காட்டுக்கும் ஒரே சூத்திரத்தைக் கொண்டு கணக்கிடுவது எவ்வளவு பொருந்தும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

கோபுரத்துக்கும் குறைகள் உண்டு. இரவில் காற்று அசையாதிருந்தால் சுழல்கள் இல்லை. காடு விட்ட வாயு கருவிவரை ஏறாமல் தரையை ஒட்டிச் சரிவில் வழிந்து போய்விடும். அவ்விரவுகளை அப்படியே கணக்கில் சேர்த்தால் காடு உள்ளபடியைவிடச் சிக்கனமானதாகத் தோன்றும். மேலும், ஒரு கோபுரம் காண்பது காற்று வரும் திசையில் சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் அளவான காட்டையே. இவற்றைத் திருத்திக்கொள்ள முறைகள் உள்ளன. திருத்த முடியாத குறை ஒன்றே: அளவீடு நின்றுபோவது. அமெரிக்காவில் ஹார்வர்டு காட்டிலுள்ள கோபுரம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது. அதன் மதிப்பு கருவியின் நுட்பத்தில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. ஒரு நல்ல மழையாண்டும் ஒரு வறட்சியாண்டும் எல் நினோவும் தீயும் ஒரு காட்டின்மீது கடந்து செல்வதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது வேண்டும். மூன்றாண்டுத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கி, ஆய்வுக் கட்டுரை வெளியானதும் கருவியைப் பழுதாகவிடுவது, மழைமானியை நாட்டிவிட்டு இரு பருவங்களுக்குப் பின் பிடுங்கிவிடுவது போன்றதேயாம். மழைமானியை அவ்வாறு பிடுங்க எவரும் துணியார். கோபுரங்களும் வானிலை நிலையங்களைப் போலவே நிரந்தரமாகப் பராமரிக்கப்பட வேண்டும்.

இவ்வளவும் ஆராய்ச்சியாளரின் கவலை, நாற்று நடுவோருக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் நீலகிரியில் நடந்த சோதனையை அறிதல் நலம். உதகமண்டலத்திலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார், கிளென்மார்கன் என்னுமிடத்தில் ஒன்றையொன்று ஒத்த இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்து, 1968 முதல் சில ஆண்டுகள் இரண்டிலிருந்தும் ஓடிவரும் நீரை அளந்தனர். பின்னர் 1972-இல் ஒன்றின் பரப்பில் 59 விழுக்காட்டில், மலைமக்கள் கற்பூர மரம் என்று அழைக்கும் தைலமரத்தை நட்டனர்; மற்றதை இயற்கையான புல்வெளியும் சோலையுமாகவே விட்டனர். முதற் பத்தாண்டுகளில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டளவுக்கு உயர்ந்தது. நீர் திருட்டுப் போகவில்லை. வேகமாக வளர்ந்த மரம் வேகமாகக் கரியைச் சேர்த்தது, அதற்கான விலையை நீராகக் கொடுத்தது. கோடையில் கீழ்நிலத்து ஓடைக்கு வரவேண்டிய நீர் இலைத்துளை வழியே வானுக்குப் போயிற்று. கரியை மட்டும் கணக்கிட்டவருக்கு அது வெற்றி. அணைக்கட்டில் நீர்மட்டம் பார்ப்பவருக்கு அது நட்டம். இருவரும் ஒரே அரசாங்கத்தின் ஊழியரே.

இதைக் கேட்டு, மரமே தண்ணீருக்குப் பகை என்று முடிவு கட்டுவோரும் உளர். அதுவும் சரியன்று. வானுக்குப் போன ஆவி மறைந்துபோவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகள் விடும் ஆவியைப் பற்றி மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்று, தென்மேற்குப் பருவ காலத்தில் தமிழ்நாட்டில் பெய்யும் மழைக்கு வேண்டிய ஈரத்தில் 40 விழுக்காடு வரை அக்காடுகளிலிருந்து வருவதாகக் கணக்கிட்டது. இது கணிப்பு மாதிரியால் வந்த தொகை. ஆற்றில் கால் நனைத்து அளந்ததன்று. எனினும் அது காட்டும் திசை ஏற்கத்தக்கதே. ஒரு சிறு ஓடையின் அளவில் மரம் நீரைச் செலவிடுகிறது. ஒரு பெருமலைத் தொடரின் அளவில் அதே செலவு மற்றொரு நிலத்தின் வரவாகிறது. எந்தப் பரப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று கூறாமல், காடு மழையைத் தரும் என்பதும் மரம் நீரைக் குடித்துவிடும் என்பதும் இரண்டும் வெறும் வாதங்களே. அன்றியும் மலையின் பழங்காடு வேறு, புல்வெளிமீது வரிசையாக நட்ட ஒரே இன மரம் வேறு. பின்னதை முன்னதன் பெயரால் போற்றுவது நேர்மையன்று.

நாட்டின் கணக்கேடு இன்று எவ்வாறு இருக்கிறது? 2023-ஆம் ஆண்டுக்கான இந்திய வன நிலை அறிக்கையின்படி காடும் மரங்களும் நிலப்பரப்பில் 25.17 விழுக்காடு, அவற்றில் சேமிக்கப்பட்டுள்ள கரி 3,043 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம். 2005-ஆம் ஆண்டை நோக்க, 229 கோடி டன் கூடியிருக்கிறது; 2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் கூட்டுவதாக இந்தியா உலக நாடுகளின் முன் உறுதி கூறியிருக்கிறது. இக்கணக்கு அரிய உழைப்பின் பயன் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வறிக்கையில் காடு என்பது, விதான அடர்த்தி 10 விழுக்காட்டுக்குக் குறையாத, 1 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட எந்த மரப்பரப்பும் ஆகும். மரம் எவ்வினம் என்பதும், தோட்டமா இயற்கை வனமா என்பதும் அந்த இலக்கணத்தில் இல்லை. அது கிடங்கின் இருப்பைச் சொல்கிறது. அன்றாட வரவு செலவைச் சொல்வதில்லை. நீரையும் வெப்பத்தையும் பற்றி அது வாய் திறப்பதேயில்லை.

இருப்பை மட்டுமே கேட்கும் மேலிடத்துக்கு, கீழுள்ளவர் இருப்பையே காட்டுவர். 2016-ஆம் ஆண்டின் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டத்தினால் மாநிலங்களுக்குப் பெருந்தொகை வருகிறது. நடுவதற்கு நிலம் வேண்டும். மரமில்லாத நிலம் எங்கே என்று தேடும்போது மலைப் புல்வெளியும், மேய்ச்சல் தரையும், முட்புதர் நிலமும் கண்ணிற் படுகின்றன. அவை ‘தரிசு’ என்று பழைய ஏடுகளில் எழுதப்பட்டிருப்பதே போதுமான காரணமாகிவிடுகிறது. கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளியில் உப்புப் பாலை பரவாமல் தடுக்க 1960-களில் நடப்பட்ட சீமைக் கருவேலம் பின்னர் அப்புல்வெளியையே பிடித்துக்கொண்ட வரலாறு பாடமாக அமைந்தும், அப்பாடம் கற்கப்பட்டதாகத் தெரியவில்லை. புல்வெளியும் காற்றோடு கொடுக்கல் வாங்கல் நடத்துவதே. தன் கரியில் பெரும்பகுதியை வெட்டவும் எரிக்கவும் எட்டாத மண்ணுக்கடியில் வைத்துக்கொண்டு, நீரை ஓடைக்கு விட்டுவிடும் சிக்கனமான வியாபாரி அது. நடும் இடம் எது, இனம் எது என்று முடிவு செய்யும் படிவத்தில், அவ்விடத்து ஓடையின் கோடை நீரளவு எவ்வளவு என்ற ஒரு வினாவைச் சேர்க்க வேண்டும். அதற்கு விடை எழுத இயலாத இடத்தில் நடுவதை ஒத்திவைக்க வேண்டும். நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை என்பதோடு நிற்கும் அறிக்கை, களத்தில் உழைப்பவரின் அறிவை அவமதிப்பதேயாகும்.

ஆசிரியர்கள் இதற்குச் செய்யத்தக்கது பெரிய காரியமன்று. பள்ளி முற்றத்து வேம்பிலோ புங்கத்திலோ, வெயில் படும் சிறு கிளையொன்றை ஒளிபுகும் பிளாஸ்டிக் பையால் மூடி வாயைக் கட்டலாம். இலைகளைக் களைந்துவிட்ட மற்றொரு கிளையையும் அவ்வாறே மூடலாம். ஒரு மணி நேரத்தில் முதற் பையினுள் துளிகள் திரண்டு நிற்கும். அத்துளிகளை எடையிட்டு, கிளையின் இலைகளையும் மரத்தின் இலைகளையும் உத்தேசமாக எண்ணிப் பெருக்கினால், அம்மரம் அந்த ஒரு மணி நேரத்தில் விட்ட நீரைப் பற்றி ஓர் எண்ணம் உண்டாகும். பையினுள் காற்று அடைபட்டிருப்பதால் உண்மை அளவு வேறாக இருக்கும் என்பதையும் மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். அளவீட்டின் குறையை அறிவது பாடத்தின் ஒரு பகுதியே. மரத்தடியிலும் தகரக் கொட்டகையின் கீழும் ஒரே உயரத்தில் வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, காலை முதல் மாலை வரை மணிக்கு ஒருமுறை குறிப்பது இன்னும் எளிது.

வனக் காப்பாளர்களும் வனவர்களும் செய்யத்தக்கதற்குக் கருவியே வேண்டியதில்லை. தம் சுற்றுக்காவல் வழியில் இனத்துக்கு ஐந்தாகச் சில மரங்களுக்கு எண்ணிட்டு, இலை உதிரத் தொடங்கிய நாள், மொட்டையான நாள், முதல் தளிர் கண்ட நாள், விதானம் மூடிய நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்துவைத்தல் போதும். அதே பக்கத்தில் முதல் மழை பெய்த நாளையும், ஓடை வற்றிய நாளையும் எழுதலாம். கோபுரம் இல்லாத நூற்றுக்கணக்கான காடுகளுக்குக் கோபுரத்தின் கணக்கை விரித்துரைக்க ஆராய்ச்சியாளருக்கு இக்குறிப்புகளே துணையாகும். செயற்கைக்கோள் படத்தில் பச்சை தெரிவது சால் தளிரா, கீழே மண்டிய உண்ணிச்செடியா என்று சொல்லக்கூடியவர் தரையில் நிற்பவரே. ஒரே மரங்களைப் பார்ப்பதும், வாரத்தில் ஒரே கிழமையில் பார்ப்பதும் முக்கியம். பார்க்காத வாரத்தை வெற்றிடமாகவே விட்டுவிட வேண்டும், ஊகித்து நிரப்பலாகாது. மாற்றலாகிச் செல்பவர் அந்த ஏட்டைத் தம் பெட்டியில் எடுத்துச் சென்றுவிடாமல், சரக அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும்.